ஐந்தரைக்கு முன் வந்த காபி: ஆந்தனி டிராலப்பின் அன்றாடப் பழக்கம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

லண்டனுக்கு வடக்கே வால்தம் கிராஸ் என்று ஓர் ஊர். 1859ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே குடிவந்த ஓர் அஞ்சல்துறை அதிகாரி தினமும் காலை ஐந்தரை மணிக்கு எழுத்து மேசையில் உட்கார்ந்துவிடுவார். அவரை எழுப்பிக் காபி கொடுக்கும் பொறுப்பு, வீட்டுக் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட முதியவர் ஒருவருடையது. இந்த வேலைக்கென்றே அந்த முதியவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். உடைமாற்றிக்கொண்டு காலை உணவுக்குப் போவதற்குள் அதிகாரியின் அன்றைய எழுத்து முடிந்துவிடும். மீதி நாள் முழுவதும் அவர் வேறு மனிதர். அஞ்சல்துறைக்கு உழைத்தார். குளிர்காலத்தில் வாரத்துக்கு இரண்டு முறையாவது நரிவேட்டைக்குக் குதிரையேறினார். நண்பர்களோடு சீட்டாடினார். 47 நாவல்களை எழுதி முடித்து 1882 டிசம்பரில் மறைந்தார்.

ஆந்தனி டிராலப்பைச் சுறுசுறுப்புக்கு எடுத்துக்காட்டாக நிறுத்துவது எளிது. என்னை அவரிடம் இழுத்தது அதுவல்ல. இருபத்தாறு வயதுவரை அவரைப் போல ஒழுங்கில்லாத குமாஸ்தாவை லண்டன் அஞ்சல் தலைமையகத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்திருக்கும். பழக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வெற்றி பெற்றவரின் கால அட்டவணையை மட்டும் காட்டுகிறார்கள். இங்கே ஒரே மனிதரின் இரண்டு காலங்களும் நமக்குக் கிடைக்கின்றன. இரண்டையும் அவரே தன் வரலாற்றில், தனக்குச் சலுகை காட்டாமல், எழுதிவைத்திருக்கிறார்.

நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்

1834இல், 19 வயதில், ஆண்டுக்கு 90 பவுண்டு சம்பளத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். சீக்கிரமே நேரத்துக்கு வராதவன் என்று பெயர் எடுத்தார். வேலை போய்விடும் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுந்தது. தெரிந்த குடும்பத்துப் பெண்மணி ஒருவர், உன் தாயை நினைத்துப் பார் என்று கண்ணீரோடு கெஞ்சினார். நிலைமை மாறவில்லை.

கடனும் சேர்ந்துகொண்டது. தையற்காரருக்குக் கொடுக்க வேண்டிய 12 பவுண்டுக்கு எழுதிக்கொடுத்த சீட்டு ஒரு வட்டிக்காரர் கைக்குப் போனது. அவரிடமிருந்து ரொக்கமாக டிராலப் வாங்கியது 4 பவுண்டுதான். சீட்டை மாற்றி மாற்றி எழுதியதில் கடைசியில் கட்டியது 200 பவுண்டுக்கும் மேல். நம் ஊரில் ஈட்டிக்காரன் வாசலில் வந்து உட்காருவதைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். இந்த வட்டிக்காரர் அலுவலகத்துக்குள்ளேயே வந்துவிடுவார். டிராலப்பின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, காதருகே குனிந்து, எப்போதும் ஒரே வேண்டுகோளைத்தான் வைப்பார்: நீங்கள் மட்டும் சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி நடந்துகொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இந்தக் காட்சியை ஆய்வின் முதல் சான்றாக வைக்கிறேன். அறிவுரைக்கு அங்கே பஞ்சமில்லை. வேலை போகும் பயம் இருந்தது, கடன் நெருக்கடி இருந்தது, அவமானமும் இருந்தது. தன் சோம்பல் மேல் அவருக்கே இருந்த வெறுப்பு இவை எல்லாவற்றையும்விடப் பெரிது. அலுவலகத்தையும் வேலையையும் வெறுத்ததைவிடத் தன் சோம்பலையே அதிகம் வெறுத்ததாக அவர் எழுதுகிறார். நாவல் எழுத வேண்டும் என்ற ஆசையும் அந்த நாட்களிலேயே இருந்தது. ஏழு ஆண்டுகளில் அதற்காக ஒரு முயற்சிகூட அவர் செய்யவில்லை. இத்தனை உந்துதலும் சேர்ந்து ஓர் இளைஞனை ஒரு நாள்கூட மேசையில் உட்கார வைக்க முடியவில்லை. இன்றைக்குத் தன்னையே திட்டிக்கொண்டு வீணாகும் எத்தனையோ பிள்ளைகளை நினைக்கும்போது இந்தப் பக்கங்களை என்னால் எளிதில் கடந்து போக முடிவதில்லை.

அந்தச் சோம்பல் காலத்திலும் இரண்டு பழக்கங்கள் அவரிடம் ஒட்டிக்கொண்டிருந்தன. பதினைந்து வயதிலிருந்து பத்து ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். 1870இல் அவற்றை எடுத்துப் படித்துப் பார்த்து, வெட்கம் தாளாமல் அழித்துவிட்டார். முட்டாள்தனமும் ஊதாரித்தனமும் தற்பெருமையும்தான் அவற்றில் இருந்தனவாம். ஆனாலும் பேனா வேகமாக ஓடப் பழகியது அதனால்தான் என்று ஒப்புக்கொள்கிறார். இன்னொன்று மனக்கோட்டை கட்டுவது. சிறுவயதில் விளையாட்டுத் தோழர்கள் இல்லாத பையன் ஒரே கதையை மனத்துக்குள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில், நடக்கவே முடியாதது எதையும் நுழைய விடாமல், நாள்தோறும் வளர்த்துக்கொண்டு போவான். பிற்காலத்து நாவலாசிரியருக்கு வேண்டிய கருவிகள் ஏற்கெனவே கையில் இருந்தன. அவற்றை ஒரு நேரத்தோடும் ஓர் இடத்தோடும் கட்டிப்போடத்தான் ஆளில்லை.

மருந்துப் புட்டியும் மைப்புட்டியும்

இங்கே அவர் தாயைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஃபிரான்சிஸ் டிராலப்பின் முதல் நூல் 1832இல் வெளிவந்தபோது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. கணவரின் தொழில் நொடித்து, குடும்பம் கடன்காரர்களிடமிருந்து தப்பி பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்துக்குப் போயிற்று. அங்கே மகன் ஹென்றி காசநோயில் கிடந்தான். கணவரும் படுக்கையில் விழுந்தார். இருவருக்கும் இரவு பகலாகப் பணிவிடை செய்தபடியே அவர் நாவல் எழுதினார். அந்த வருமானத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. தாயின் அறைகளில் மருந்துப் புட்டிகளுக்கும் மைப்புட்டிக்கும் சம இடம் இருந்தது என்று மகன் எழுதுகிறார். அந்த ஒரு வரியில் அந்த வீடு முழுவதும் எனக்குத் தெரிகிறது.

அதிகாலை நான்கு மணிக்கு அவர் மேசைக்கு வந்துவிடுவார். ஊர் விழிப்பதற்குள் வேலையை முடித்துவிடுவார். அப்புறம் வீட்டாரோடு சிரிப்பும் கும்மாளமுமாக இருப்பார். அவருடைய உழைப்பு தனியே, யார் கண்ணிலும் படாமல் நடந்தது என்பது மகனின் சாட்சியம். மகன் கணக்குப்படி தாய் எழுதியவை 114 தொகுதிகள். அந்தத் தாயைக் காபியோடு எழுப்ப ஒருவரும் இருந்ததாக எங்கும் இல்லை.

மகன் பிறகு அமைத்துக்கொண்ட அட்டவணை இந்த நான்கு மணியின் நகல். இத்தனைக்கும், தாயைப் பார்த்து வளர்ந்தும் ஏழு ஆண்டுகள் அவருக்கு அது வரவில்லை. நல்ல முன்மாதிரி வீட்டிலேயே இருந்தால் போதும் என்ற நம்பிக்கையையும் இந்த நிகழ்வு அசைத்துவிடுகிறது.

அயர்லாந்து

1841இல் மேற்கு அயர்லாந்திலிருந்து ஒரு புகார் வந்தது. அங்கே அஞ்சல் மேற்பார்வையாளருக்கு உதவியாக இருந்த குமாஸ்தா எதற்கும் லாயக்கில்லாதவர் என்று தகவல். அந்த ஒதுக்குப்புறமான இடத்துக்குப் போக வேறு யாருக்கும் ஆசையில்லை. டிராலப் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். தொல்லை ஒழிந்தது என்று லண்டனில் மகிழ்ந்திருப்பார்கள்.

ஷானன் நதிக்கரையில் பனாகர் என்ற சிற்றூர். அவரைப் பற்றிய மோசமான அறிக்கை அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. புதிய மேலதிகாரி அதை மறைக்கவில்லை. ஆனால் உன் வேலையைப் பார்த்து உன்னை எடைபோடுகிறேன் என்றார். ஓராண்டுக்குள் நல்ல அலுவலர் என்ற பெயர் வந்துவிட்டது.

என்ன மாறியது? மனிதர் அதே மனிதர்தான். லண்டனில் நாள் முழுவதும் ஒரு மேசையில் கடிதங்களைப் படியெடுக்க வேண்டும். அயர்லாந்தில் குதிரையேறி ஊர் ஊராகப் போய், கணக்குகளைச் சோதித்து, தபால்காரரின் வழித்தடத்தை வகுத்து, மக்களின் குறையைக் கேட்க வேண்டும். சம்பளம் 100 பவுண்டு என்றாலும் பயணப்படியோடு சேர்த்து ஆண்டுக்கு 400 பவுண்டு வரை வந்தது. கடன் கழுத்தை நெரிக்கவில்லை. பழைய பெயரைச் சொல்லிச் சிரிக்கும் ஆட்களும் பக்கத்தில் இல்லை. பழக்கம் என்பது இடத்தோடும் சுற்றியிருக்கும் முகங்களோடும் பின்னிக் கிடக்கிறது. இடம் மாறியதும் பழைய பின்னல் அவிழ்ந்தது; புதிதாக ஒன்றைப் பின்னிக்கொள்ள ஓர் இடைவெளி கிடைத்தது. மேலதிகாரியின் அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் தனி மதிப்பெண் கொடுப்பேன். பிள்ளைகளைத் திருத்தப் பார்க்கும் பெற்றோரும் ஆசிரியர்களும் அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறோமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

1843இல் முதல் நாவலைத் தொடங்கினார். அது 1847இல் வெளிவந்தது, விற்கவில்லை. அடுத்ததும் அப்படியே. 1855ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு காசோலை வந்தது: 9 பவுண்டு, 8 ஷில்லிங், 8 பென்ஸ். எழுத்தால் தான் உண்மையாகச் சம்பாதித்த முதல் பணம் என்று அவர் கருதியது அதைத்தான். தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பலன் கண்ணில் பட்டால்தான் ஊக்கம் நிற்கும் என்பது விதியானால் இந்த மனிதர் 1848இலேயே பேனாவை மூடியிருக்க வேண்டும்.

கடிகாரமும் கணக்கேடும்

இனி அவர் முறை. மேலோட்டமாகச் சொன்னால் கெட்டுப்போகும், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மேசைக்கு வந்த முதல் அரை மணி நேரம் அவர் எதுவும் எழுதமாட்டார். முந்தின நாள் எழுதியதைப் படிப்பார், முக்கியமாகச் சொற்களின் ஓசையைக் காதால் நிறுத்துப் பார்ப்பதற்காக. பிறகு கைக்கடக்கமான தன் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று தன்னிடம் வசூலிப்பார். இரண்டரை மணி நேரத்துக்குப் பத்துக் கால்மணிகள், 2,500 சொற்கள். அவர் கணக்கில் ஒரு பக்கம் 250 சொல். ஆகப் பத்துப் பக்கம். பேனாவைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்க்க அந்த நேரத்தில் இடமே கிடையாது.

பலர் அந்த 250ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, முதல் அரை மணியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்த அரை மணிதான் முறையின் உயிர்நாடியாகத் தெரிகிறது. காலையில் எந்த வேலையிலும் கடினமானது தொடக்கம். வெற்றுத்தாள் மிரட்டும். நேற்றைய தாள் மிரட்டாது. நேற்று விட்ட இடத்தைப் படித்துக்கொண்டே வரும்போது, அடுத்த வரி தானாக நாவில் நிற்கும். வயலுக்குப் போனதும் நேற்று உழுத தடத்தைப் பார்த்துவிட்டு ஏரைப் பூட்டும் உழவரின் வேலை போன்றது இது.

அடுத்தது கணக்கேடு. ஒரு நாவலைத் தொடங்கும்போதே ஒரு குறிப்பேட்டை வாரங்களாகப் பிரித்து, எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று வகுத்து, அன்றன்று எழுதிய பக்கங்களைப் பதிவு செய்வார். சராசரி வாரத்துக்கு 40 பக்கம். சில வாரங்களில் அது 20 ஆக இறங்கியது, ஒரு வாரம் 112 ஆக ஏறியது. ஒரு நாள், இரண்டு நாள் சோம்பியிருந்தால் அந்த வெற்றிடம் ஏட்டில் நின்று முகத்தை முறைத்துப் பார்க்கும். போதாத பக்கங்களோடு போன வாரம் கண்ணில் கொப்புளம் போல உறுத்தும் என்கிறார். பார்த்தீர்களா, 20 பக்கமும் 112 பக்கமும் ஒரே ஏட்டில். அவர் இயந்திரம் அல்லர். அஞ்சல்துறை வேலை நெருக்கிய வாரங்களில் அவரும் இறங்கினார். இறங்கியதை எழுதிவைத்தார், அவ்வளவுதான்.

இடத்தையும் அவர் சாக்காக விடவில்லை. அலுவல் பயணங்கள் குதிரையிலிருந்து ரயிலுக்கு மாறிய காலத்தில் பல மணி நேரம் ரயிலிலேயே கழிந்தது. மடிமேல் வைத்து எழுத ஒரு சிறு பலகை செய்துகொண்டு, பெட்டியில் உட்கார்ந்தபடி பென்சிலால் எழுதினார். மனைவி ரோஸ் அதைப் பிறகு படியெடுத்தார். மற்ற பயணிகள் பார்க்கும்போது முதலில் கூச்சமாக இருந்ததாம். சில நாள் பழக்கத்தில், வீட்டு மேசையில் எழுதும் வேகம் ரயிலிலும் வந்துவிட்டது.

1858 பிப்ரவரியில் எகிப்துக்குப் போனார். இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகும் தபால் மூட்டைகள் அலெக்சாந்திரியாவில் இறங்கி, எகிப்தைத் தரைவழியே கடந்து, சூயஸில் மீண்டும் கப்பல் ஏறிய காலம் அது. சென்னைக்கு வந்த கடிதங்களும் அந்த வழியில் வந்தவைதான். எகிப்தைக் கடக்க 24 மணி நேரம் போதும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். எகிப்திய அதிகாரி 48 கேட்டார். டிராலப் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பயணத்தில் மார்சேயிலிருந்து கப்பல் கடும் அலையில் ஆடியபோது, எழுதிக்கொண்டிருந்த தாளை மேசையிலேயே போட்டுவிட்டு அறைக்குள் ஓடிப்போய் வாந்தியெடுத்துவிட்டுத் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். எகிப்தில் ஒரு நாவலை முடித்த மறுநாளே அடுத்த நாவலைத் தொடங்கினார். முடித்த களிப்பில் ஒரு வாரம் ஓய்வு என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. கயிறு அறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். தேர்வு முடிந்த மறுவாரம் புத்தகத்தைத் தொடாமல் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1871இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போனபோது அறையில் ஒரு மேசையைப் பொருத்தித்தரச் சொன்னார். லிவர்பூலை விட்டுக் கிளம்பிய மறுநாள் தொடங்கி, எட்டு வாரம், வாரத்துக்கு 66 பக்கம். கரை இறங்கும்போது ஒரு நாவல் முழுதாகக் கையில் இருந்தது. உடல்நலமில்லாமல் விட்டது ஒரே ஒரு நாள்.

கல்லைக் குடையும் நீர்த்துளியின் வலிமை இதற்கு உண்டு என்று அவர் எழுதுகிறார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நாம் சொல்வதும் அதையேதான்.

இந்த முறைக்கு எதிரான வாதங்கள்

தன்வரலாறு அவர் இறந்த பின் 1883இல் வெளிவந்தது. கடிகாரமும் பக்கக் கணக்கும், நூல்கள் ஈட்டிய 68,939 பவுண்டு 17 ஷில்லிங் 5 பென்ஸும் அதில் பச்சையாக இருந்தன. செருப்புத் தைப்பவர் செருப்பு முடித்தவுடன் அடுத்ததை எடுப்பதைப் போலத் தானும் எழுதியதாகச் சொல்லிவிட்டார். கலை என்றால் அருள் வந்து இறங்குவது என்று நம்பியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர் பெயரும் பல ஆண்டுகள் மங்கிக் கிடந்தது. எண்ணிக்கை எழுத்தைக் கெடுத்ததா? சில இடங்களில் ஆம் என்றே சொல்வேன். 47 நாவலும் ஒரே தரத்தில் இல்லை, அளவுக்கு மிஞ்சி எழுதினேனோ என்ற எண்ணம் அவருக்கே இருந்தது. ஆனால் அவருடைய நல்ல நாவல்களும் அதே கடிகாரத்தின் முன்னால் பிறந்தவை. காதால் நிறுத்துப் பார்த்த அந்த அரை மணிதான் அவற்றைக் காப்பாற்றியிருக்கும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது வாதம் இன்னும் கனமானது. எழுப்ப ஓர் ஊழியர், படியெடுக்க மனைவி, சமைக்க வேறு ஆள். இப்படி வசதி இருந்தால் யார்தான் எழுதமாட்டார்கள்? இதை நான் தள்ளிவிடமாட்டேன். காலை நான்கரைக்கு எழுந்து மூன்று டப்பாவில் சோறு கட்டிவிட்டு பஸ் பிடிக்க ஓடும் பெண்ணிடம் ஐந்தரை மணி மேசையைப் பற்றிப் பேசுவது கொடுமை. அந்தப் பெண்ணுக்கு மகனைவிடத் தாயின் கதைதான் நெருக்கம். ஆனால் தாயின் கதையும் முழுமையான ஆறுதல் அல்ல. அத்தனை பாரத்தை ஒருத்தி தனியாகச் சுமந்தாள் என்பதற்காக எல்லாரும் சுமக்க வேண்டும் என்று ஆகிவிடாது. வீட்டில் ஒருவருக்கு ஓர் அரை மணி நேரத்தை மற்றவர்கள் காவல் காத்துக் கொடுத்தால், அது டிராலப் கொடுத்த 5 பவுண்டுக்குச் சமம்.

எத்தனை நாளில் பழக்கம் படியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 21 நாள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நடந்து 2010இல் அச்சான ஓர் ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலையை நெருங்க நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்தும் செயலைப் பொறுத்தும் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை விரிந்தது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய கேடு செய்யவில்லை. டிராலப்பின் ஏட்டில் 20 பக்க வாரமும் இருக்கிறதே, அதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

என் வீட்டில் கணக்கேடு என்பது தினசரி காலண்டரில் கிழிக்கும் தாள். அதன் வெற்றுப் பின்பக்கத்தில் அன்றைக்கு முடித்த பக்க எண்ணை எழுதி ஒரு கவ்வியில் செருகிவைக்கிறேன். எண் இல்லாத தாளையும் தூக்கிப் போடுவதில்லை. மாதக் கடைசியில் கட்டைப் புரட்டும்போது எந்தக் கிழமைகளில் நழுவுகிறேன் என்று தெரிகிறது. எனக்கு அது வியாழன்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கும்போது டிராலப் செய்தது ஒன்றே ஒன்று. லண்டனில் ஏழு ஆண்டுகள் தன் மனவுறுதியை நம்பி ஏமாந்தவர், பிற்பாடு அதை நம்பவில்லை. விழிப்பை ஒரு முதியவரிடமும் வேகத்தைக் கடிகாரத்திடமும் மனச்சாட்சியைக் கணக்கேட்டிடமும் ஒப்படைத்தார். அன்று நாற்காலிக்குப் பின்னால் நின்று நேரத்தைப் பற்றிக் கெஞ்சியவர் கடன்காரர். இப்போது வாசலில் காபியோடு நின்றவர் தானே அமர்த்திக்கொண்ட ஆள்.

அந்த முதியவரைப் பற்றி அவர் எழுதிய வரிகள் சில. தனக்குத்தானே கொஞ்சமும் இரக்கம் காட்டிக்கொள்ளாத முதியவர் என்கிறார். வால்தம் கிராஸில் இருந்த அத்தனை ஆண்டுகளில் ஒரு நாள்கூடக் காபி தாமதமானதில்லை. தன் வெற்றிக்கு வேறு எவரையும்விட இவருக்கே அதிகம் கடன்பட்டிருக்கிறோமோ என்றும் யோசிக்கிறார். அந்தப் பக்கத்தில் முதியவரின் பெயர் இல்லை. ஐந்தரைக்கு எசமானர் மேசையில் இருக்க வேண்டுமானால், அதற்கு வெகுநேரம் முன்பே அந்த இருட்டில் யாரோ எழுந்து அடுப்பு மூட்டியிருக்க வேண்டும்.